புதுப்பேட்டைப் பிட்சாடனர்

முப்பத்தாறு வருஷ காலம் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து, அதில் பிற்பாதியைப் பிறரைக் காக்க வைப்பதிலேயே கழித்து, 'நாளைக்கு வந்து பாருங்கள்' என்ற மூன்றே சொற்களால் எத்தனையோ கான்டிராக்டர்களின் கர்வத்தை அடக்கி, மாலை மரியாதைகளோடு ஓய்வு பெற்ற ஒரு பெரிய மனிதர், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் புதுப்பேட்டைச் சந்து ஒன்றில், கவிழ்த்து வைத்த பெயின்ட் டப்பாவின்மேல் அமர்ந்து, துருவேறிய இரும்புத் துண்டு ஒன்றைக் கைக்குழந்தையைப்போல் மடியில் ஏந்திக்கொண்டு, அரும்பு மீசைப் பையன் ஒருவன் டீ குடித்து முடிக்கும் தருணத்திற்காகக் காத்திருப்பதை நீங்கள் காண நேர்ந்தால், குடும்பத்தில் ஏதோ விபரீதம் நேர்ந்துவிட்டது போலும் என்று எண்ணி இரங்கிவிட வேண்டாம். அவர் பழைய கார் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இந்த ஜாதி மனிதர்கள் எல்லா ஊர்களிலும் உண்டு. ஓர் ஊரில் மோரிஸ் மைனர், ஓர் ஊரில் லேண்ட்மாஸ்டர், ஓர் ஊரில் பழைய ஃபியட் என்று உபாசனா மூர்த்தி மாறுமேயொழிய உபாசகரின் லட்சணம் மாறுவதில்லை. நான் அறிந்தவர் என் தெருவாசி. அவருக்குத் தாய் தந்தையர் இட்ட பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் அது தபால்காரருக்கும் பென்ஷன் அலுவலகத்துக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். மற்ற அனைவருக்கும் அவர் ஹெரால்டு சார்.

ஹெரால்டு என்ற அந்த வாகனத்தின் ஜாதகத்தைச் சிறிது விஸ்தரித்தாலன்றி அவருடைய ஜாதகம் விளங்காது. 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற நாமதேயத்துடன் அவதரித்த அந்த வண்டிக்கு உருவம் வரைந்தவர் மிச்செலோட்டி என்ற இத்தாலியர். அதுவரை கம்பெனிக்கு உடற்கூடு அடித்துக் கொடுத்துவந்த தொழிற்சாலை போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டபடியால், முழு உடலையும் ஒரே வார்ப்பாகச் செய்து தருவாரின்றி, அடியில் தனியாக ஒரு சட்டம் அமைத்து, ஆங்காங்கே செய்வித்த துண்டங்களை அதன்மேல் போல்ட்டுப் போட்டு இணைத்துவிட்டார்கள். துண்டு துண்டாகப் பிறந்த காரணத்தாலோ என்னவோ, துண்டு துண்டாகக் கழன்று போகும் சுபாவம் அதற்கு ஜன்மத்தோடு வந்தது. 1961 முதல் நம் சென்னைக்கருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் அதே வண்டியை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்து விற்றார்கள். அம்பாஸடருக்கும் ஃபியட்டுக்கும் நான்கு கதவுகள் இருக்கையில் இதற்கு மட்டும் இரண்டா என்று நம்மவர்கள் முகம் சுளித்ததால், 1968-இல் இதற்கும் நான்கு கதவு வைத்தார்கள். இங்கிலாந்துக்காரர்கள் கண்ணாலும் கண்டிராத அந்த நான்கு கதவு, பின்னால் வரப்போகும் துன்பங்களுக்கெல்லாம் மூல வித்து என்பதை வாசகர்கள் இப்போதே மனத்தில் குறித்துக்கொள்வது நலம்.

எழுபதுகளின் நடுவில் ஹெரால்டு சார் குமாஸ்தாவாக வேலையில் சேர்ந்தபோது, அவருடைய மேலதிகாரி இத்தகைய நான்கு கதவு ஹெரால்டு ஒன்றில்தான் ஆபீசுக்கு எழுந்தருள்வாராம். பின்கதவைத் திறந்துவிட்டுக் கோப்புகளை வாங்கிக்கொள்ளும் பாக்கியம் தினந்தோறும் நம்மவருக்கே கிட்டியதாம். அந்தக் கதவைத் திறந்த கை அதை மறக்கவில்லை. ஓய்வு பெற்ற மறு மாதமே, மகள் கல்யாணம் முடிந்து மிஞ்சிய சேமநிதிப் பணத்தில், யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டகையில் தென்னமட்டைகளுக்கு அடியில் உறங்கிக்கொண்டிருந்த 1969-ஆம் வருஷத்து வண்டியை வாங்கி வந்துவிட்டார். வாங்கி வந்தார் என்பது உபசார வழக்கு. உண்மையில் இழுத்து வந்தார்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தில் இருந்த தேஜஸை நான் மறக்க முடியாது. ஹெரால்டின் பானட்டு மற்ற வண்டிகளின் பானட்டைப் போல் ஒரு பலகையாகத் திறப்பதன்று. முகம், விளக்கு, இருபுறத்து மட்கார்டுகள் யாவும் ஒன்றாகச் சேர்ந்து முன்புறமாக, முதலை வாய் பிளப்பதைப் போல் கவிழ்ந்து திறக்கும். திறந்தால் எஞ்சின் மாத்திரமன்று, முன் சக்கரங்களும் அச்சும் ஸ்டியரிங் தண்டும் ஒளிவு மறைவின்றிக் காட்சி தரும். முன் சக்கரத்தையே மணையாகக் கொண்டு அதன்மேல் சௌக்கியமாக உட்கார்ந்து வேலை செய்யலாம். அவ்வாறு உட்கார்ந்துகொண்டு, 948 சி.சி. எஞ்சினை வாத்ஸல்யத்துடன் நோக்கி, "ஒன்றுமில்லை, ஒரு சின்ன ரப்பர் புஷ் மாற்றினால் போதும், ஓட ஆரம்பித்துவிடும்" என்றார். இதைச் சொல்லிப் பல வருஷங்கள் ஆகின்றன. இன்றைக்கும் அவரைக் கேட்டால் ஒரு சின்ன ரப்பர் புஷ்தான் என்பார். எந்த இடத்துப் புஷ் என்பதில் மட்டும் காலத்துக்கேற்ற வித்தியாசம் உண்டு.

அந்த முதல் புஷ்ஷைத் தேடித்தான் அவர் புதுப்பேட்டைக்கு விஜயம் செய்தார். எழும்பூருக்கு அப்பால், கூவத்தை ஒட்டி, கதவுக்கென்று ஒரு கடை, விளக்குக்கென்று ஒரு கடை, ஸ்பிரிங்குக்கென்று ஒரு கடை என்று சந்து சந்தாகப் பரவிக் கிடக்கும் அந்தக் காயலான் கடைப் பிரதேசத்தைப் பற்றி ஊரார் ஒரு பரிகாசம் சொல்வதுண்டு: வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, கண்ணாடி ஒன்று வாங்க உள்ளே போனவர், நெடுநேரம் பேரம் பேசி வாங்கி வந்து பார்த்தால், அது தம்முடைய வண்டியின் கண்ணாடியாகவே இருக்குமாம். அங்கே நம்மவர் முதல் நாள் போன கோலம் வேறு. மடிப்புக் கலையாத சட்டை, பையில் பேனா, கையில் ஒரு கோப்பு. அந்தக் கோப்பில் தேவையான சாமான்களின் பட்டியல் இரண்டு பிரதிகளில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. கடையில் நடந்த சம்பாஷணையை அவரே பிற்பாடு எனக்குச் சொன்னார்.

"என்ன வண்டி சார்?"

"ஹெரால்டு."

"அது யாரு சார்?"

"யாரு இல்லை, அப்பா. கார். ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அறுபத்தொன்பது மாடல்."

"அறுபத்தொன்பதா! எங்கப்பாவே அப்ப பொறக்கலியே சார்." உள்ளே திரும்பி, "பாய், இங்க ஒருத்தர் என்னமோ கேக்குறாரு பாருங்க."

உள்ளேயிருந்து வந்த பெரியவர் பட்டியலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கையை நீட்டி, "சாம்பிள் இருக்கா சார்?" என்று கேட்டார். சாம்பிள் இல்லை. பழைய சாமானைக் கையில் கொண்டுவராமல் காகிதத்தைக் கொண்டுவந்த ஒரு மனிதரை அந்தச் சந்து அதற்கு முன் கண்டதில்லை. பெரியவர் மிகுந்த பரிவோடு அவரை ஒரு டப்பாவின்மேல் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "நாளைக்கு வாங்க சார், பாக்கலாம்" என்றார்.

அந்த வார்த்தையின் அர்த்தத்தை உலகத்திலேயே திட்டமாக அறிந்த ஒருவர் உண்டென்றால் அது ஹெரால்டு சாரே. நாளைக்கு என்றால் என்றைக்கும் இல்லை என்பதை அவர் உத்தியோகத்தின் பிற்பாதி முழுவதும் பிரயோகித்துச் சோதித்திருக்கிறார். அப்படியிருந்தும் மறுநாள் போனார்; அதற்கு மறுநாளும் போனார். எட்டாம் நாள் சட்டைப்பையில் பேனா இல்லை. ஒரு மாதத்திற்குள் கோப்பின் ஸ்தானத்தை ஒரு மஞ்சள் பை பிடித்துக்கொண்டது. பரமசிவன் கபாலத்தை ஏந்திப் பிட்சாடன மூர்த்தியாகத் தெருத் தெருவாக நடந்த வைபவத்தைச் சிற்பங்களில் கண்டிருக்கிறோம். ஒரு பழைய ஷாக் அப்சார்பரை ஏந்தி அதே திருக்கோலத்தில் நடந்த ஒருவரை நான் புதுப்பேட்டையில் கண்டேன்.

இந்த உலகத்தில் இரண்டு சம்பிரதாயங்கள் உண்டு. ஒரிஜினல் சம்பிரதாயம் ஒன்று. மேட்ச் சம்பிரதாயம் மற்றொன்று. வடகலை தென்கலை வழக்குக்கு உள்ள பழமை இதற்கு இல்லையாயினும் உக்கிரத்தில் இது அதற்குச் சற்றும் குறைந்ததன்று. வண்டலூரிலிருந்து எந்தத் திருகாணியோடு புறப்பட்டதோ அந்தத் திருகாணியே வேண்டும் என்பது முதலாவது மதம். "மேட்ச் பண்ணிக்கலாம் சார்" என்பது இரண்டாவது மதத்தின் மூல மந்திரம். அதன்படி, ஆட்டோவின் ரப்பரும் லாரியின் ஹாரனும் அம்பாஸடரின் பல்பு மாட்டியும் லேத் பட்டறையில் சற்றே கடைந்தெடுத்தால் ஹெரால்டில் ஐக்கியமாகிவிடும். ஹெரால்டு சார் ஆரம்பத்தில் பரம வைதிகராக முதல் மதத்தில் இருந்தார். மூன்றாம் வருஷத்துக்குள், பகலில் ஒரிஜினல் என்றும் இரவில் மேட்ச் என்றும் இரண்டு ஆசாரங்களையும் அனுஷ்டிக்கும் பக்குவம் வந்துவிட்டது. இந்த விஷயத்தில் அவரைக் கண்டிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. வண்டி நகர வேண்டாமா?

ஸ்பானர் விஷயத்தில் மட்டும் அவர் இன்றுவரை சமரசம் செய்துகொண்டதில்லை. மெட்ரிக் அளவைக்கு 1956-லேயே சட்டம் செய்துவிட்ட தேசத்தில், அதற்குப் பதின்மூன்று வருஷம் கழித்துப் பிறந்த இந்த வண்டியின் நட்டுகளோ அங்குலக் கணக்கிலேயே பிறந்தவை. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், மெக்கானிக்கின் கையில் இருப்பதோ 13. இடையிலுள்ள அந்த முக்கால் மயிரிழை தூரத்தில் ஸ்பானர் வழுக்கி, நட்டின் ஆறு முகங்களும் தேய்ந்து உருண்டையாகிவிடும். ஆகையால், நாட்டு வைத்தியர் பெட்டியைப்போல் துணியில் சுற்றிய தம்முடைய அங்குல ஸ்பானர்களோடுதான் அவர் எந்த ஷெட்டுக்கும் பிரவேசிப்பார். மெக்கானிக் பதின்மூன்றாம் நம்பரை எடுத்த மாத்திரத்தில், பரீட்சை ஹாலில் காப்பியடிப்பவனைப் பிடித்த வாத்தியாரைப்போல் அவர் கையைப் பற்றிக்கொள்வார்.

முன் சக்கரத்தின் அடியில் ட்ரனியன் என்று வெண்கலத்தில் ஒரு சாமான் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் ஒரு தண்டின் மரை அதில் அமர்ந்து, ஸ்டியரிங்கைத் திருப்புந்தோறும் அதற்குள் திரும்ப வேண்டும். அதற்கு விட வேண்டியது தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில். ஆனால் அதன் வாயைக் கண்ட எந்த மெக்கானிக்குக்கும் கிரீஸ் அடிக்கத்தான் கை வரும். கிரீஸ் மரைக்குள் இறங்காது. மரை வறண்டு இறுகும். இறுகிய மரை ஒரு நாள் தண்டையே முறித்துவிடும். அந்த ஒரு நாள் எங்கள் இரு குடும்பத்தாரும் ஒரு கல்யாணத்திற்குப் பிரயாணப்பட்ட நாளாக அமைந்தது. லஸ் முனையில், நடப்பவர்களைக் காட்டிலும் மெதுவாக, இடப்புறம் திரும்பும்போது, 'டக்' என்று ஒரு சப்தம் கேட்டது. வண்டி ஒரு முழங்காலில் மண்டியிட்டது. முன் சக்கரம் வாழை இலை சாய்வதைப்போல் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டது. பட்டுப் புடவைகளும் பரிசுப் பொட்டலமும் ஆட்டோவில் ஏறிப் போயின. ஹெரால்டு சார் மட்டும் நடுத்தெருவில் குனிந்து, முறிந்த தண்டைக் கையில் எடுத்து, மரையை விரலால் தடவி மோந்து பார்த்து, போக்குவரத்துக் காவலர் விசில் ஊதிக்கொண்டு வருவதைச் சிறிதும் லட்சியம் செய்யாமல், என்னைப் பார்த்து விஜயகளையுடன் கூறினார்: "பார்த்தீர்களா? கிரீஸ்! நான் அவனிடம் படித்துப் படித்துச் சொன்னேன்."

மனைவியார் இந்த விஷயத்தில் என்ன நினைக்கிறார் என்று பலர் என்னைக் கேட்பதுண்டு. அந்த அம்மையார் ஒரு வார்த்தை குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் வருஷங்களின் பழக்கத்தால் அவருக்கு ஒரு விசேஷ ஞானம் சித்தித்திருக்கிறது. வாசலில் எஞ்சினைக் கிளப்பினால், சமையலறையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே, "என்னங்க, இன்னைக்கும் மூணாவதுதான் அடிக்கலை" என்று குரல் கொடுப்பார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டராகவே இருக்கும். வேறு பரிகாரம் எதையும் அவர் தேடியதாகத் தெரியவில்லை.

ஒரு வண்டியைக் காப்பாற்ற மற்றொரு வண்டி வேண்டும் என்பது இத்துறையின் பாலபாடம். அதன்படி, ஐந்தாம் வருஷம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், மேலே பூசணிக்கொடி படர்ந்து இரண்டு காய் காய்த்திருந்த மற்றொரு ஹெரால்டை, அறுத்துப் பயன்படுத்துவதற்கென்று வாங்கினார். கியர் பாக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை எடைக்குப் போடுவதாக ஏற்பாடு. பிரித்துப் பார்த்தபோதுதான், வீட்டு வண்டியைவிட இதன் அடிச்சட்டம் திடகாத்திரமாக இருப்பது வெளிப்பட்டது. ஆகவே வீட்டு வண்டியின் எஞ்சினும் கதவுகளும் இதற்கு வந்தன. இதன் டிக்கி அதற்குப் போயிற்று. மிஞ்சிய ஆசனங்கள் என் வீட்டு மொட்டைமாடி அறைக்கு வந்து சேர்ந்தன. இப்போது எது வண்டி, எது உதிரி என்று கேட்டால் வேதாந்தமாகிவிடும். பாட்டி காலத்து அரிவாள்மணை என்று பலகையையும் மாற்றி இரும்பையும் மாற்றிய ஒன்றைக் காட்டுகிற வீடுகள் நமக்குத் தெரியாதவை அல்ல.

வெளிநாட்டு உதவியும் இல்லாமலில்லை. ஹெரால்டின் அடிச்சட்டத்தைத் தழுவியே கட்டிய ஸ்பிட்ஃபயர் என்ற வண்டி 1980 வரை இங்கிலாந்தில் உற்பத்தியானபடியால், அங்கே இன்றைக்கும் ட்ரனியனும் கேஸ்கட்டும் புதிதாகவே செய்து விற்கிறார்கள். லண்டனில் வாழும் மகள் வருஷந்தோறும் வரும்போது, பேரக்குழந்தைகளின் துணிமணிகளுக்கு நடுவே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய கனமான பொட்டலங்கள் தவறாமல் இருக்கும். சாக்லேட்டை எதிர்பார்த்துப் பெட்டியருகே நின்ற தெருப் பிள்ளைகள், கிளட்ச் பிளேட்டைக் கண்டு திரும்பிப் போன காட்சியை நான் கண்ணால் கண்டேன்.

2021-இல் மத்திய சர்க்கார், ஐம்பது வயது கடந்த வாகனங்களைப் புராதன வாகனங்கள் என்று கௌரவித்து, 'வி.ஏ.' என்ற எழுத்துக்களோடு தனிப் பதிவு எண் அளிக்க விதி செய்தார்கள். புதுப் பதிவுக்குக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட உபயோகத்துக்கு ஓட்டலாகாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம். அவற்றோடு, பெட்ரோல் போடுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் ஓட்டலாம் என்று விதி கூறுகிறது. ஹெரால்டு சார் அதை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். இந்த விதியை எழுதியவர் எவரோ, அவர் வீட்டிலும் ஒரு ஹெரால்டு நின்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால், அந்த வண்டி வாழ்நாளில் செய்யும் பிரயாணங்கள் இவ்விரண்டு மாத்திரமே என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது?

அது குறித்து விசாரிக்க ஓர் அலுவலகத்துக்குப் போனபோது என்னையும் அழைத்துச் சென்றார். கவுண்டரில் இருந்த இளைஞன் காகிதங்களைப் புரட்டிவிட்டு, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, "நாளைக்கு வந்து பாருங்கள்" என்றான். எனக்குக் கோபம் வந்தது. ஹெரால்டு சாரோ படியிறங்கும்போது மிகவும் வருத்தத்தோடு, "தொழில் தெரியவில்லை, பாவம். முகத்தைப் பார்த்துச் சொல்கிறான். கோப்பைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும்" என்றார். சற்று தூரம் நடந்த பின், "புதுப்பேட்டை பாய் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார். ஆனால் அவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொல்வார்" என்று தமக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

இனி அந்த நான்கு கதவு விவகாரத்துக்கு வர வேண்டும். இங்கிலாந்தில் எல்லாம் கிடைக்கிறது என்றேன். ஆனால் இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டே கதவு. பின்கதவும் அதைச் சேர்ந்த யாவும் வண்டலூரில் பிறந்து வண்டலூரோடு நின்றுபோனவை. பின்கதவின் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறி ஒன்று கதவுக்குள் இருக்கிறது; விண்டோ மெஷின் என்பார்கள். வலப்புறம் சரியாக இருக்கிறது. இடப்புறத்தினுடையது பல் உடைந்துபோய், கண்ணாடி கதவின் வயிற்றுக்குள் விழுந்துவிட்டது. லண்டனில் அது கிடையாது; புதுப்பேட்டையிலும் கிடையாது. கும்பகோணத்தில் ஒருவரிடம் ஒன்று இருக்கிறது. அவரும் ஓய்வு பெற்றவர். அவரும் நான்கு கதவு ஹெரால்டுக்காரர். தம்முடையது என்றேனும் உடைந்தால் வேண்டுமே என்று எண்ணெய் தடவிப் பீரோவில் வைத்திருக்கிறார். அவரைத் தரிசிக்க நம்மவர் நான்கு தடவை போய் வந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் காபி உண்டு, பீரோவைத் திறந்து காட்டும் உபசாரம் உண்டு, "யோசித்துச் சொல்கிறேன், அடுத்த மாதம் வாருங்கள்" என்ற விடையும் உண்டு.

ஆகையால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணிலோ, பாட்டனார் காலத்துக் கொட்டகையிலோ, 1968-க்கும் 1971-க்கும் இடைப்பட்ட நான்கு கதவு ஹெரால்டின் இடப்புறப் பின்கதவு விண்டோ மெஷின் கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். விலையைச் சிறிது தாராளமாகவே சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால் டூப்ளிகேட் என்று சந்தேகிப்பார். தற்காலிகமாக அந்தக் கண்ணாடியை ஒரு மரச்சக்கை தாங்கிக்கொண்டிருக்கிறது. வண்டி குலுங்கும்போதெல்லாம் சக்கை நழுவிவிடும். அப்போது அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி மழை நெருங்குகிறது. இடப்புறப் பின் ஆசனம் என்னுடையது.